பூனைக்காக அணைத்த கற்பூரம்

அந்த வேலாமரத்துல கட்ட வேண்டாமுங்க தம்பி. கோவிச்சுக்காதீங்க. கேமரா நல்ல பொருளுதான், நாலு நாளு தொங்குனா மரம் ஒண்ணும் தேஞ்சு போயிராது. ஆனாலும் வேண்டாம். மொதல்ல இந்த மோரைக் குடிங்க. ஏன் வேண்டாங்கறன்னு சொல்றன். கேட்டுப்போட்டு அப்பறம் என்னைத் திட்டறதுன்னா திட்டுங்க.

ஊருக்குள்ள விசாரிச்சிருப்பீங்க, காட்டுப்பூனை இருக்குதுங்களான்னு. "அதெல்லாம் எங்கப்பன் காலத்துல, இப்ப ஏதுங்க"ன்னு சொல்லியிருப்பாங்க. அவிய பொய் சொல்லலீங்க. அவியளுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். இந்த ஊர்ல அதைத் தெரிஞ்சவன் நான் ஒருத்தன்தான். இல்லை, ஒருத்தன்னு சொல்லக்கூடாது. ரண்டு பேரு.

அதா, வாய்க்கால் மேட்டுக்கு அக்கட்டால ஓட்டு ஊடு தெரியுதுங்களா? அது மயிலாத்தா ஊடு. எனக்குத் தம்பி மொறை ஆகறவனோட பொண்டாட்டி. அவன் போர் போடற லாரியில வடக்க போறவன், வருசத்துக்கு ரண்டு தடவை வந்தாப் பெருசு. தோட்டம், மாடு, கடலைக்காடுன்னு எல்லாம் இவ ஒருத்திதான். வம்பு தும்புக்குப் போகமாட்டா. அவகிட்ட ஒரு பூனை இருந்துச்சு. செவலைப் பூனை. பேரே செவலைதான். கடலை மூட்டை கெடக்கற அறையில எலி எட்டிப் பார்க்காது. அவ களை வெட்டப் போனா வரப்பு மேல பின்னாலயே போகும். "ஏம் மயிலாத்தா, அதுக்கும் ஒரு களைக்கொத்து வாங்கிக் குடுத்தர்றதுதான"ன்னு நான்கூடக் கிண்டல் பண்ணுவன். சிரிப்பா. அப்ப சிரிப்பாளுங்க.

என்ற ஊட்டுல ஒரு சேவல். கருஞ்சேவல், கருப்பணசாமிக்கு நேர்ந்து விட்டது. மகளுக்குக் கண்ணாலம் ஆகி அஞ்சு வருசம் கொழந்தை இல்லாம இருந்து, போன வருசம்தான் உண்டாச்சு. ஆடிக்குச் சேவல் அறுக்கறன் சாமின்னு வேண்டி, கால்ல மஞ்சத்துணி கட்டி விட்டுட்டோம். சாமி சேவலை இங்க எவனும் கை வைக்கமாட்டான். அது எவன் காட்டுல வேணும்னாலும் மேயும், ஒருத்தரும் ஓட்டமாட்டாங்க. ஆடிக்கு இருவது நாளு இருக்குது. மகளுக்கு ஏழாம் மாசம். வெடியால பார்க்கறன், சேவலைக் காணோம்.

உங்களுக்கு அது ஒரு சேவல். எனக்கு அது சாமிக்குப் பட்ட கடனுங்க. சாமிக்கு விட்டது சாமிக்குப் போகாம இடையில போச்சுன்னா என்ன அர்த்தம்? வவுத்துல ஒண்ணு இருக்குதே. தேடிட்டே போறன், மயிலாத்தா வேலியோரம் கருப்பு இறக்கை கெடக்குது. வேலிமுள்ளுல மயிரு ஒட்டியிருக்குது. செவலை மயிரு.

அவ்வளவுதான். வேற ரோசனையே பண்ணலீங்க. செவலை மயிருன்னா செவலைப் பூனை. நான் நாயம் பேசறவனுங்க தம்பி. வரப்புத் தகராறு, பாகத் தகராறு எதுன்னாலும் ஊர்ல என்னைத்தான் கூப்பிடுவாங்க. அதனால ஒத்தைப் பொம்பளை ஊட்டு வாசல்ல போயி நின்னு கத்தக் கூடாதுன்னு, மொறையாப் பண்ணோணும்னு, வெள்ளிக்கெழமை கோயிலுக்கு வரச்சொன்னன். நாலு பேரு முன்னால கற்பூரத்தைப் பத்த வெச்சு, "உம்பூனை திங்கலீன்னு உள்ளங்கையில அணைச்சுச் சத்தியம் பண்ணு. பண்ணிட்டா நான் ஒரு வார்த்தை பேசமாட்டன்"னு சொன்னன். பெருந்தன்மையாச் சொல்றதா நெனப்பு எனக்கு.

அவ கற்பூரத்தையே பார்த்துட்டு நின்னா. அப்பறம் சொன்னா: "மாமா, நான் எடுக்கலீன்னு கேளுங்க, இப்பவே அணைக்கறன். பூனை திங்கலீன்னு நான் எப்படிங்க பண்றது? பொழுது முச்சூடும் அதும் பின்னாலயேவா சுத்தறன்? தெரியாததைத் தெரியும்னு சாமி முன்னால எப்படிங்க சொல்றது?"

ஊரே சிரிச்சுது. ராக்கியப்பன், அதா அந்த மஞ்சள் காட்டுக்காரன், "பூனைக்கு வக்கீல் வெக்கோணும்டா"ன்னு கத்துனான். நானும் சிரிச்சன். சிரிச்சுப்போட்டு, "அப்ப தின்னிருக்கும்னு நீயே ஒத்துக்கற, அம்மிணி"ன்னு முடிச்சுட்டன். தீர்ப்பு சொல்லிட்டனுங்க.

இப்ப ரோசனை பண்ணிப் பார்த்தா, அன்னைக்கு அத்தனை பேருல சத்தியம்னா என்னன்னு தெரிஞ்சவ அவ ஒருத்திதான்.

பூனை பாவம் பொல்லாதது, அடிக்கக் கூடாது. அதனால சாக்குல கட்டி ஆத்துக்கு அந்தப் பக்கம் விடறதுன்னு பேச்சாச்சு. ஆத்தைத் தாண்டுனா பூனைக்கு வழி மறந்து போகும்பாங்க. நானே என்ற வண்டியில கூட்டிட்டுப் போனன். பஸ்ஸுல சாக்கோட போனா அவளை நாலு பேரு கேப்பாங்கன்னு ஒரு எரக்கந்தான். பின்னால உக்கார்ந்து சாக்கை மடியில வெச்சுட்டு வந்தா. பூனை கத்துது. அவ சாக்கு மேல தட்டித் தட்டிக் குடுக்கறா. பாலம் தாண்டற வரைக்கும் கையை எடுக்கலீங்க.

"மீன்கடைப் பக்கம் விடுங்க மாமா, பொழச்சுக்கும்"னா. சந்தைப்பேட்டை மீன்கடைக்குப் பின்னால சாக்கை அவுத்தா. பூனை ஓடுச்சுங்கறீங்களா? ஓடல. வெளிய வந்து ஒடம்பை ஒதறிப்போட்டு, அவ காலடியில உக்கார்ந்துக்கிச்சு. அவ நடந்தா பின்னாலயே வருது, வரப்பு மேல வர்ற மாதிரியே. அவ ஓடி வந்து வண்டியில ஏறி, "வேகமாப் போங்க மாமா"ன்னா. திரும்பிப் பார்க்கவே இல்லை.

வர்ற வழியில டீ வாங்கிக் குடுத்தனுங்க. நான் ஒண்ணும் கல்நெஞ்சக்காரன் இல்லீங்க. அவ குடிக்கலை. ஆறிப்போச்சு, வீணாப் போகுதேன்னு நானே குடிச்சன்.

எட்டாம் நாளு. வெடியால பொழுது ஒரு ஆள் உசரம் ஏறிருச்சு. கோழிக்கூட்டுப் பக்கம் கெக்கெக்குன்னு சத்தம். போய்ப் பார்க்கறன், கரும்புக்கும் கூட்டுக்கும் நடுவால நிக்குது. பூனைதான், ஆனா பூனை இல்லை. நெட்டக்காலு. வாலு பாதியிலயே நின்னுபோச்சு, நுனிகிட்ட கருப்பு வளையம். காது நுனியில ரண்டு மயிரு நீட்டிட்டு. நெறம் மட்டும் செவலை, மயிலாத்தா பூனைக்கும் அதுக்கும் ஒரே நெறம். வாயில என்ற வெடக்கோழி. அது என்னைப் பார்த்துப் பயப்படலை தம்பி. அதோட தோட்டத்துல நான் வந்து நிக்கற மாதிரி ஒரு பார்வை பார்த்துப்போட்டு, மெதுவாக் கரும்புக்குள்ள போயிருச்சு.

எனக்கு அந்த நிமிசமே எல்லாம் புரிஞ்சு போச்சுங்க. இறக்கை, மயிரு, எல்லாம். பழி ஓரிடம் பாவம் ஓரிடம்பாங்களே, அது கண்ணு முன்னால நாலு கால்ல நடந்து போகுது.

சமையக்கட்டுல இருந்து என்ற சம்சாரம் பாவாத்தா கேட்டா: "என்னங்க அங்க சத்தம்?"

"கீரி"ன்னன்.

ஒரே வார்த்தை. ரோசனை பண்ணிச் சொல்லலீங்க, வாயில வந்துருச்சு. அப்பறம் அதையே புடிச்சுக்கிட்டன். கோழி போனா கீரி. முட்டை போனா கீரி. ஊருக்குள்ள கேட்டா "இந்த வருசம் கீரி நடமாட்டம் எச்சுங்க"ன்னன். இந்தப் பக்கத்துக் கீரிகளுக்கு நான் பண்ணின அநியாயம் தனிக் கணக்கு.

ஏன் சொல்லலீன்னு கேப்பீங்க. ஊரு காறித் துப்பும்னு பயமில்லீங்க. ஊரு ரண்டு நாளு பேசும், மூணாம் நாளு மறந்துரும். மயிலாத்தா துப்பமாட்டா, திட்டமாட்டா. கம்முனு நிப்பா. அதுக்குத்தான் பயம்.

ஒண்ணு பண்ணுனன். யாருக்கும் தெரியாது, பாவாத்தாளுக்கே தெரியாது. மூணு சந்தைக்கு ஆத்தைத் தாண்டிப் போயி மீன்கடைப் பின்னால தேடுனன். மொதச் சந்தையில மீன்காரம்மா சொன்னா, "செவலைப் பூனைதான? ஒரு வாரம் இங்கயேதான் கெடந்துச்சு. வண்டி சத்தம் கேட்டா ரோட்டுக்கு ஓடும். அப்பறம் காணோம்"னு. அதுக்கப்பறம் ரண்டு சந்தைக்கு எதுக்குப் போனன்னு எனக்கே தெரியிலீங்க.

வேற சேவல் வாங்கி அறுத்தோம். புரட்டாசியில பேத்தி பொறந்தா, ஒரு கொறையும் இல்லாம. சாமியே கோவிச்சுக்கலை பாருங்க. அப்ப நான் எதுக்கு வெசனப்படோணும்னு மனசைத் தேத்திக்கிட்டன். தேத்துனாத் தேறுதுங்களா?

மாசி மாசம் கரும்பு வெட்டு. வெட்டறதுக்குத் தெக்க இருந்து ஆளுக வந்திருந்தாங்க. அதுல ஒரு அம்மா கூப்பிட்டா, "பெரியவரே, இங்க வந்து பாருங்க"ன்னு. காஞ்ச கரும்புச் சோகைக்குள்ள மூணு குட்டி. கண்ணு அப்பத்தான் தொறந்திருக்குது. பார்த்தா ஊட்டுப்பூனைக் குட்டிக்கும் அதுக்கும் ஒரு வித்தியாசமும் தெரியாது. வெட்டாம நின்ன கரும்புக்குள்ள இருந்து தாய் கூப்பிடற சத்தம் கேக்குது. அந்தம்மா சொன்னா, "தொடாதீங்க. நாம தள்ளிப் போயிட்டா அதே வந்து தூக்கிட்டுப் போயிரும்"னு.

நாந்தான் கேக்கலை. ஒண்ணைத் துண்டுல சுத்தி எடுத்தன். மிச்சம் ரண்டைப் பொழுதோட தாய் வந்து தூக்கிட்டுப் போயிருச்சாம். மூணாவதை எத்தனை நாளு தேடுச்சோ, தெரியாது. நான் அப்ப நல்லது பண்றதா நெனச்சுட்டு இருக்கறன். ஒரு பூனையை எடுத்துட்டன், ஒரு பூனையைக் குடுத்தர்றன், சரியாப் போச்சுன்னு. எப்படி புத்தி போகுது பாருங்க.

மயிலாத்தா வாசல்ல போயி நின்னு, "எங்கக்கா ஊட்டுப் பூனை குட்டி போட்டுச்சு அம்மிணி. உனக்குன்னு கேட்டு ஒண்ணு வாங்கியாந்தன்"னு நீட்டுனன். அவ குட்டியைப் பார்த்தா. என்னைப் பார்த்தா. முந்தானையில வாங்கிக்கிட்டு, "அக்கா நல்லாருக்காங்களா மாமா?"ன்னா.

"நல்லாருக்காங்க"ன்னன். அக்கா நல்லாத்தான் இருந்தாங்க. அதுல பொய் இல்லீங்க.

அது வளர்ந்துச்சு. ஊட்டுப்பூனை மாதிரியா வளரும்? கை வெச்சாக் கடி. அவ வெரல்ல எப்பப் பார்த்தாலும் துணி சுத்தியிருக்கும். பகல்ல பரண் மேல, பொழுது சாய்ஞ்சாக் கரும்புக்குள்ள. வளர வளரக் காலு நீளுது, காது நுனியில மயிரு மொளைக்குது, வாலு நீள மாட்டேங்குது. நான் அந்தப் பக்கம் போகறதையே விட்டுட்டன். போன மாசம் ராக்கியப்பன் ஊட்டுல அடை வெச்ச கோழி போச்சு. அடுத்த வாரம் இன்னொண்ணு. கூடை மேல அது நிக்கறதை அவன் பொண்டாட்டி கண்ணால பார்த்துட்டா.

போன வெள்ளிக்கெழமை கோயில்ல கூட்டம். ராக்கியப்பன் குதிக்கறான். "அது பூனையாய்யா? காலைப் பாரு, வாலைப் பாரு. காட்டுல கெடந்த எதையோ புடிச்சு வளர்த்தறா. கற்பூரம் அணைக்கச் சொல்லுங்க. நாச்சிமுத்தண்ணன் அன்னைக்குப் பண்ணின மாதிரி, மொறையா." நான் பண்ணினது மொறையாயிருச்சு தம்பி. அண்ணன் காட்டுன வழி.

மயிலாத்தா எந்திரிச்சா. "நான் கொண்டுவரலீங்க. மாமா குடுத்தாங்க. அது என்னன்னு அவியளுக்குத்தான் தெரியும். அவிய சொல்லட்டும்"னா.

சொல்லிப்போட்டு என்னையே பார்த்துட்டு நின்னா. மூஞ்சில கோவமே இல்லீங்க. வாத்தியார் ஒரு சுலபமான கேள்வியைக் கேட்டுப்போட்டு, புள்ளை சொல்லிருவான்னு காத்திருப்பாரே, அந்த மாதிரி.

ஊரு முச்சூடும் என்ற மூஞ்சியைப் பார்க்குது. மக பேத்தியை இடுப்புல வெச்சுட்டு முன்னால நிக்கறா. பூசாரி கற்பூரத்தைப் பத்த வெச்சுட்டாரு. சொல்லிரோணும்னுதான் வாயைத் தொறந்தன், சத்தியமா... பாருங்க, சத்தியமான்னு சொல்றதுக்கே நாக்குக் கூசுது. காட்டுப்பூனைன்னு சொன்னா, எப்படித் தெரியும்னு கேப்பாங்க. எப்பப் பார்த்தன்னு கேப்பாங்க. கேட்டா செவலை வரைக்கும் போகும்.

அணைச்சுட்டனுங்க. "எங்கக்கா ஊட்டுப் பூனைதான்"னு சொல்லி உள்ளங்கையை வெச்சு அமுக்கிட்டன். கை சுடக்கூட இல்லை.

ராக்கியப்பன் அப்படியே அடங்கிட்டான். "அண்ணன் கற்பூரம் அணைச்சாச் சரிதான். காட்டுப்பூனையெல்லாம் இந்தப் பக்கம் ஏது, நாந்தான் ஆத்திரத்துல பேசிப்போட்டன்"னு மயிலாத்தாகிட்ட மன்னிப்புக் கேட்டான். உங்ககிட்ட எல்லாரும் ஒரே மாதிரி இல்லை இல்லைங்கறாங்களே, இதுதானுங்க காரணம். நான் அணைச்ச கற்பூரம்.

கூட்டம் கலைஞ்சு போச்சு. கால் கழுவற கொழாய்கிட்ட அவ நின்னுட்டு இருந்தா. நான் போனதும் மெதுவாப் பேசுனா. "மாமா, குட்டி வந்த மூணாம் நாளே எனக்குத் தெரியுமுங்க. கரும்பு வெட்டற அம்மா தண்ணிக்கு வந்தவ, 'பெரியவர் தூக்கிட்டுப் போன குட்டி இங்கயா இருக்குது'ன்னா. தெரிஞ்சேதான் வளர்த்தன். அது என்ன பாவம் பண்ணுச்சு? நீங்க என்னைக்காச்சும் சொல்லுவீங்கன்னு இருந்தன். என்ற செவலை திங்கலீன்னு ஊருக்குள்ள ஒரு வார்த்தை. செத்துதோ பொழச்சுதோ, அதும் பேராவது நல்லாருக்கட்டும்னுதான். இன்னைக்குச் சொல்லிருவீங்கன்னு நெனச்சுத்தானுங்க உங்களைக் கைகாட்டுனன்."

அதுக்கு நான் என்ன சொன்னன் தெரியுங்களா தம்பி? இதைச் சொல்லத்தான் எனக்கு ரொம்ப வெக்கமா இருக்குது. கற்பூரம் அணைச்சதைவிட இதுதான். "உன்னைக் காப்பாத்தத்தான் அம்மிணி அணைச்சன்"னன்.

அவ கொழாயை மூடிப்போட்டுப் போயிட்டா.

மக்யா நாளே, சனிக்கெழமை, பேத்திக்குக் காய்ச்சல். சாதாச் சளிக்காய்ச்சல்தான், ஊரு முச்சூடும் இருக்குது, மூணு நாள்ல எறங்கிரும்னு டாக்டர் சொன்னாரு. எறங்கியும் போச்சு. ஆனா அந்த மூணு நாளும் நான் எப்படி இருந்தன்னு எனக்குத்தான் தெரியும். பாவாத்தா, "கொழந்தைக்குக் காய்ச்சல்னா இப்படியா மூலையில உக்காருவாங்க"ன்னு திட்டுனா. நெத்தியில இந்தக் கையை வெச்சுப் பார்க்கறதுக்கே பயமா இருந்துச்சுங்க.

நேத்து நீங்க ஸ்கூல்ல புள்ளைங்களுக்கு ஏதோ சொன்னீங்களாமே? பக்கத்தூட்டுப் புள்ளை வந்து சொல்லுச்சு. காட்டுப்பூனையும் ஊட்டுப்பூனையும் பங்காளிகன்னு. ரொம்ப ரொம்ப காலத்துக்கு முன்னால ஒரே கால்வழின்னு. நெசந்தானுங்களா? அப்படின்னா... ஒரே வம்சம்னா, பூனைதான்னு நான் சொன்னது முழுப் பொய் ஆகாதுங்களே? அக்கா ஊடுன்னதை விட்டுருங்க, அது பொய்தான். பூனைங்கறது? படிச்சவிய நீங்க சொன்னாச் சரி. பாதியாவது நெசம்னு சொல்லுங்களேன்.

ஏனுங்க, மோரைக் கீழ வெச்சுட்டீங்க?

சரி, விடுங்க. உங்களை வேற இதுல இழுத்துட்டன்.

என்ற மரம் வேண்டாமுங்க. என்ற மரத்துல படம் விழுந்தா, என்கிட்டத்தான் கொண்டாந்து காட்டுவீங்க. நான் அதையும் கீரின்னு சொன்னாலும் சொல்லிப்போடுவன். எனக்கே என்ற மேல நம்பிக்கை இல்லை. வாய்க்காலைத் தாண்டிப் போங்க. அவ தோட்டத்துக் கெழக்கு மூலையில ஒரு வேப்பமரம் இருக்குது, அது வழியாத்தான் தாயும் வருது, குட்டியும் போகுது. அவகிட்டக் கேட்டுட்டுக் கட்டுங்க. படம் விழுந்துச்சுன்னா அவ கையில குடுங்க. ஊருக்குக் காட்டறதும் காட்டாததும் அவ இஷ்டம். காட்டுனா நான் இல்லீன்னு சொல்லமாட்டன். அவ்வளவு தூரம் வந்துட்டன்.

நேத்துக்கூட வாய்க்கால் மேட்டுல எதிர்ல வந்தா. புல்லுக்கட்டு தலையில. "கொஞ்சம் வழி விடுங்க"ன்னா, மாமான்னு கூப்பிடலை. விட்டன்.

அதனால ஒண்ணு மட்டும் பார்த்துக்கங்க தம்பி. யாரு அனுப்புனாங்கன்னு கேட்டா, மாமா அனுப்புனாங்கன்னு சொல்லிப்போடாதீங்க. எந்த மாமான்னு கேப்பா.